படிப்பும் தியாகமும் – ஒரு கணக்கு

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு
வடக்குப்பட்டு



‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றில் போட்டது திரும்பி வராது. ஆனாலும் எவ்வளவு போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். படிப்புக்காக நாம் விடுகின்ற பணம், நேரம், சுகம் ஆகிய மூன்றுக்கும் இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும் என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

‘தியாகம்’ என்ற சொல்லை மேடையில் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அளந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பட்டயம் முடிக்கப் போகிற நமக்கு எதிரே இன்று இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறுவது. மற்றொன்று, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்து மேலும் மூன்று ஆண்டு படிப்பது. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற முடியும். எனவே முதலில் மேற்படிப்புக்காக விட்டவர்கள் மூவரைப் பார்ப்போம். பிறகு நம் கணக்கைப் போடுவோம்.

1. முன்னே நடந்தவர்கள்

முதலாமவர் நமக்குப் பக்கத்திலேயே படித்தவர். எங்கள் வடக்குப்பட்டிலிருந்து படப்பை, தாம்பரம் வழியாகப் போனால் குரோம்பேட்டை வந்துவிடும். அங்கே இருக்கிறது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி. தொழிலதிபர் சி. ராஜம் அவர்கள் தம் சொந்த வீட்டை விற்ற பணத்தை முதலாகப் போட்டு 1949-ல் தொடங்கிய கல்லூரி அது. ஒரு கல்லூரியே தியாகத்தில்தான் பிறந்திருக்கிறது! அக்காலத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்து, மூன்றாண்டு பயிற்சி கொடுத்து, டிப்ளமோ வழங்கினார்கள். ஆம், நம்மைப் போல அவர்களும் ‘டிப்ளமோ’க்காரர்கள்தான்.

ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே சேர இடம் பெற்றார். இடம் கிடைத்தது, பணம் இல்லை. சேர்க்கைக்குச் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய தந்தையால் அவ்வளவு பணம் புரட்ட முடியவில்லை. அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவேன் என்று உறுதி எடுத்ததாகவும், அப்போது சம்பாதிக்க இருந்த ஒரே வழி நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவதுதான் என்றும் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த உதவித்தொகையும் ஒருமுறை ஆட்டம் கண்டது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பு அவருடைய குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வேலை பின்தங்கியதைக் கண்ட இயக்குநர் சீனிவாசன், மூன்று நாளில் வரைபடம் முடியாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று சொல்லிவிட்டார். கலாம் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு டிராயிங் போர்டிலேயே கிடந்து முடித்தார். அவர் விட்டது சில நாள் தூக்கமும் சோறும். ஆனால் அவர் கண்முன் இருந்தது அக்காவின் வளையல் அல்லவா?

இரண்டாமவர் அண்ணல் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915-ல் எம்.ஏ. முடித்து, 1916-ல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப் போர் நடந்த காலம் அது. அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கிப் போனது.

நம்மில் ஒருவராக இருந்தால் ‘இத்தோடு போதும்டா சாமி’ என்றிருப்போம். அவரோ 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கினார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும் பெற்று 1920-ல் மறுபடியும் லண்டன் போனார். காலையில் நூலகத்துக்குள் நுழைந்தால் மூடும் நேரத்தில்தான் வெளியே வருவார். ரொட்டித் துண்டும் அப்பளமுமாக அரை வயிற்றோடு படித்தார். 1921-ல் எம்.எஸ்சி., 1923-ல் டி.எஸ்சி. பட்டங்கள் வந்தன. அந்த ஆண்டுகளில் பம்பாயில் மிகச் சொற்பப் பணத்தில் குடும்பத்தைத் தாங்கியவர் அவருடைய மனைவி ரமாபாய்.

மூன்றாமவர் நம் காலத்தவர், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு 1993-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். விமான டிக்கெட்டுக்காகத் தம் தந்தை கிட்டத்தட்ட ஓராண்டுச் சம்பளத்தைச் செலவழித்தார் என்று 2020-ல் பட்டம் பெறும் மாணவர்களிடையே பேசியபோது அவரே சொன்னார். ஊருக்குப் போன் பேச நிமிடத்துக்கு இரண்டு டாலருக்கு மேல். ஒரு முதுகுப்பையின் விலை அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் என்றும் சொன்னார்.

தோழர்களே, இந்த மூன்று கதைகளிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்தீர்களா? படித்தவர் ஒருவர், விட்டவர் இருவர். கலாமுக்குப் பின்னால் ஜொஹரா. அம்பேத்கருக்குப் பின்னால் ரமாபாய். பிச்சைக்குப் பின்னால் தந்தை. பட்டமளிப்பு விழாப் போட்டோவில் நிற்பவர் ஒருவர்தான். போட்டோவுக்கு வெளியே நிற்பவர் கணக்கில் வருவதே இல்லை. அதைக் கணக்கில் கொண்டு வருவதுதான் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.

2. பணம்: பீஸ் மட்டும் செலவல்ல

‘பி.இ. படிக்க எவ்வளவு செலவாகும்?’ என்று கேட்டால் கல்லூரிக் கட்டணத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பெரிய செலவு ரசீதில் வராத செலவு. வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக் கூடிய சம்பளம்தான் அது. பொருளாதாரத்தில் இதை ‘வாய்ப்புச் செலவு’ என்பார்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். எண்கள் கணக்குக்காக மட்டும். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டயம் முடித்தவனுக்கு மாதம் 15,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு என்றால் 36 மாதம். விட்ட சம்பளம் 5,40,000 ரூபாய். கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 2,10,000 என்று வையுங்கள். மொத்தம் 7,50,000 ரூபாய். பி.இ. முடித்த பின் மாதம் 7,500 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், விட்டதைப் பிடிக்க 100 மாதம், அதாவது 8 ஆண்டு 4 மாதம் ஆகும். கூடுதல் 10,000 என்றால் 75 மாதம், அதாவது 6 ஆண்டு 3 மாதம்.

இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். படிக்காதே என்று சொல்வதற்காக நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. ‘டிகிரி வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு குதிக்கக் கூடாது என்பதற்காகத்தான். எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, முடித்தபின் என்ன வேலை என்று விசாரித்து அந்தக் ‘கூடுதல்’ எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்று வரும் சம்பளம் என்றைக்கும் வருமா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. எட்டே ஆண்டில், 2014 நவம்பரில், உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மறைமலை நகர் போர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. லைன் நிற்கலாம், கற்ற தொழில் நிற்காது. ஒரே ஒரு ஸ்டேஷனில் ஒரே ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரிந்தவனுக்கும், வரைபடம் படிக்கவும் மெஷினைப் பிரித்துப் பார்க்கவும் தெரிந்தவனுக்கும் கேட் மூடிய மறுநாள்தான் வித்தியாசம் தெரியும்.

கல்விக் கடன் வாங்குவோர் கவனிக்க: படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான விதி. ஆனால் தவணைதான் இல்லை, வட்டி உண்டு. 1,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் வருடம் 10,000 ரூபாய், மாதம் சுமார் 833 ரூபாய். அந்த வட்டியை மட்டும் படிக்கும்போதே கட்டி வந்தால் பின்னால் சுமை ஏறாது.

இன்னொன்று. உரிமையை விடுவது தியாகம் ஆகாது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் தமிழ்நாடு அரசு கொண்டு வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. பட்டயப் படிப்பும் இவற்றில் அடங்கும். சான்றிதழ் வாங்க ரெண்டு நாள் அலையச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு, ‘எங்க அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

3. நேரம்: திரும்பி வராத முதல்

பணத்தைக் கடன் வாங்கலாம், நேரத்தை வாங்க முடியுமா?

தினமும் போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம் போகிறவர்கள் நம் கல்லூரியில் பலர். ஆண்டுக்கு 200 கல்லூரி நாள் என்றால் மூன்று ஆண்டில் 1,800 மணி நேரம், அதாவது முழுதாக 75 நாள். இது நாம் விரும்பிக் கொடுத்ததல்ல, தூரம் எடுத்துக்கொண்டது. இதில் பாதியையாவது திருப்பிப் பிடிக்கலாம். நின்றுகொண்டு கணக்குப் போட முடியாது, ஆனால் சூத்திரங்களை மனப்பாடம் செய்யலாம். மறுநாள் வைவாவுக்கு நண்பனிடம் கேள்வி கேட்கலாம்.

செல்போனில் தினம் இரண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தால் மூன்று ஆண்டில் 2,190 மணி, அதாவது 91 நாள். பஸ் எடுத்துக்கொண்டதைவிட அதிகம்! இதைத் தூரம் எடுக்கவில்லை. நாமே அள்ளிக் கொடுத்தது.

கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். தேர்வுக் கட்டணம் சின்னத் தொகைதான். ஆனால் அடுத்த தேர்வு வரை சுமார் ஆறு மாதம் பட்டயச் சான்றிதழ் தள்ளிப் போகும். நாம் மேலே வைத்த சம்பளத்தில் ஆறு மாதம் என்றால் 90,000 ரூபாய். ‘அரியர்தானே மச்சி, எழுதிக்கலாம்’ என்று சொல்லும்போது இந்தத் தொகையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டப்போவது பெரும்பாலும் நாமல்ல, வீட்டிலிருப்பவர்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரப் பி.இ. படிப்பது இன்னொரு வழி. அதில் சம்பளம் போகாது. மாலையும் ஞாயிறும் போகும். ஷிப்ட் மாறும் கம்பெனியில் இருப்பவர்கள் சேரும் முன்பே மாலை வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி நடத்தும் கல்லூரிகள் எல்லா ஊரிலும் இல்லை. பயணத்தையும் சேர்த்தே நேரக் கணக்குப் போட வேண்டும்.

4. சுகம்: எதை விடலாம், எதை விடக் கூடாது?

புதுச் சட்டை, பைக், முதல் நாள் முதல் காட்சி, ஊர்த் திருவிழாவில் நாலு நாள் ஆட்டம் – இவற்றை விடலாம். சில ஆண்டு கழித்து இவை எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

தூக்கமும் சோறும் அப்படியல்ல. கலாம் சில நாள் சாப்பாட்டை விட்டார். மூன்று ஆண்டும் விடவில்லை. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் காலையில் வொர்க்ஷாப்பில் லேத் முன்னால் நிற்பதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். தோழர்களே, சுழலும் சக்குக்கு நம் தியாகம் தெரியாது. கண் ஒரு நொடி செருகினால் விரல் போய்விடும். இது தியாகமல்ல, ஆபத்து.

பசியோடு படிப்பதும் பெருமையல்ல. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று கண்டுதான் காமராசர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. வறுமையால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தலைவர் அவர். பசியைப் புகழாமல் பசிக்குச் சோறு போட்டார். நம் வகுப்பில் மதியம் ‘பசிக்கலடா’ என்று வெளியே போகிற நண்பன் யார் என்று கவனித்து டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்வதும் நம் கடமை.

ஆகவே என் விதி இதுதான்: திரும்ப வாங்கக் கூடியதை விடு. திரும்ப வாங்க முடியாததை விடாதே.

5. இரண்டு பக்க நோட்டு

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். நம் படிப்புக்காக விட்டவர்கள் யார், யார்?

இதை அளக்க நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். இடது பக்கத்தில் ‘நான் விட்டது’, வலது பக்கத்தில் ‘எனக்காக மற்றவர் விட்டது’. எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் சென்ட்ரிங் வேலை. இடது பக்கம் பத்து வரியில் முடிந்துவிட்டது. கிரிக்கெட், கொஞ்சம் தூக்கம், ஒரு நல்ல போன், அவ்வளவுதான். வலது பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போனது.

முதலாண்டு கட்டணத்துக்கு அம்மா கறவை மாட்டை விற்றது. முழங்கால் வலியோடு அப்பா ஞாயிற்றுக்கிழமையும் சாரம் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே அக்கா. பிளஸ் டூவில் என்னைவிட நன்றாகப் படிக்கக் கூடியவள் அவள். கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டவள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அதே மாதம் அவள் அசெம்பிளி லைன் வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறினாள். “நீ படிடா தம்பி, நான் அப்புறம் பாத்துக்கறேன்” என்றாள். மூன்று வருடத்தில் என் படிப்புக்கென்று மட்டும் அவள் கொடுத்தது, எழுதிக் கூட்டினால், 74,600 ரூபாய். அவள் படிக்காமல் போன மூன்று ஆண்டை எந்த எண்ணில் எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

தியாகம் என்று நாம் பாராட்டுவது பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. கேட்டுப் பெற்றதும் அல்ல, கேட்டுக் கொடுத்ததும் அல்ல. ‘பெண்பிள்ளை விட்டுக் கொடுப்பாள்’ என்று எல்லோரும் எடுத்துக்கொண்டது. ஆண்பிள்ளைகளாகிய நாம் இதை நேராகப் பார்க்க வேண்டும். ஜொஹராவின் வளையலைப் படித்துக் கண்கலங்குகிறோமே, நம் வீட்டு வளையலைப் பார்த்தோமா?

அதனால் நான் எடுத்த முடிவு இது. பட்டயம் முடிந்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். தென் மண்டலத்துக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. பயிற்சி ஓராண்டு, உதவித்தொகை உண்டு. அது வரத் தொடங்கியதும் அக்கா தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர வேண்டும், அவளுடைய கட்டணம் என் பொறுப்பு. அவள் பட்டம் வாங்கிய பிறகுதான் நான் பி.இ. போவேன். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் அவள் பட்டதாரி ஆகிவிட்டால் முதல் பட்டதாரிச் சலுகை எனக்குக் கிடைக்காது. அந்த இழப்பையும் இடது பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டேன். அளந்து போடுவது என்றால் இதுதான்.

அக்காவிடம் சொன்னபோது, “எனக்கெல்லாம் இனிமே என்னாடா படிப்பு?” என்றாள். ஆனால் விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று மறுநாள் அவளே கேட்டாள்.

6. முடிவாக

எல்லோரும் என்னைப் போலவே முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். உடனே பி.இ. சேர வேண்டியவர்கள் சேருங்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் தலை நிமிர்ந்து போங்கள். சம்பளத்துக்குப் போவது தோல்வியல்ல. அம்பேத்கரே நடுவில் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டுதான் மீண்டும் படிக்கப் போனார். படிப்பு இடையில் நிற்கலாம், முடிந்துவிட வேண்டியதில்லை.

ஆனால் எந்தப் பாதையில் போனாலும் இந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் எழுதுங்கள். வலது பக்கத்தில் உள்ள பெயர்களுக்கு எதிரே, எப்போது, எப்படித் திருப்பித் தருவேன் என்று ஒரு வரி சேருங்கள். பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. தம்பியின் படிப்பாக இருக்கலாம், அப்பாவுக்கு ஒரு நாள் ஓய்வாக இருக்கலாம், அக்காவுக்கு ஒரு விண்ணப்பப் படிவமாக இருக்கலாம்.

அளந்து கொடுப்போம்! அளந்து திருப்புவோம்!

வாழ்க மாணவர் ஒற்றுமை! வளர்க நம் பேரவை!